ஆண்ட்ரூ ஜான்சன்

ஆண்ட்ரூ ஜான்சன் (டிசம்பர் 29, 1808 – ஜூலை 31, 1875) ஐக்கிய அமெரிக்காவின் 17 ஆவது குடியரசுத் தலைவர் ஆவார். ஆபிரகாம் லிங்கன் கொலை செய்யப்பட்டதை அடுத்து, துணைக் குடியரசுத் தலைவராக இருந்த இவர் 1865 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று பதவியேற்று, 1869 மார்ச் 4 வரை பதவியில் இருந்தார். பிரதிநிதிகள் அவையால் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கப்பட்ட முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இவரே. 1868 ஆம் ஆண்டு மேலவையான செனட் அவையில் நடந்த விசாரணையின் முடிவில் ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் இவர் பதவியை இழக்காமல் தப்பினார்.

பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரை அவருடைய காலம் முடியும் முன்னரே காங்கிரசு நீக்க இயலுமா, இயலுமாயின் எக்காரணத்துக்காக நீக்கலாம் என்ற கேள்விக்கு அமெரிக்க வரலாற்றில் முதன்முதலாக விடை தேடப்பட்டது இவரது விசாரணையில்தான். அதேவேளை, அடிமை நிலையிலிருந்து விடுபட்ட ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்களின் உரிமைகள் என்னவாகும் என்பதும் அவ்விசாரணையின் பின்னணியில் இருந்தது.

இளமைக் காலம்

ஆண்ட்ரூ ஜான்சன் வட கரோலினா மாநிலத்தின் தலைநகரான ராலியில் மிகவும் வறிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜேக்கப் ஜான்சன் விடுதி ஒன்றில் வேலை செய்தவர். தாய் மேரி துணி துவைத்தும் தைத்தும் பொருள் ஈட்டினார். ஆண்ட்ரூவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது தந்தை இறந்தார். வறுமை காரணமாக ஜான்சன் ஒரு நாள்கூடப் பள்ளிக்குச் செல்லவில்லை.

சுமார் 10 வயதில் இவர் ஜேம்சு செல்பி என்ற தையற்காரரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். 21 வயது நிறையும் வரை முதலாளியிடமே பணிபுரிய வேண்டும் என்பது அக்கால ஒப்பந்த முறை. தையற்காரர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஊரார் சிலர் கடைக்கு வந்து அவர்களுக்கு நூல்களைப் படித்துக் காட்டுவது வழக்கம். சொற்பொழிவுகள் அடங்கிய நூலொன்றை இவ்வாறு கேட்டதன் வழியாகவே ஜான்சனுக்கு மேடைப்பேச்சில் ஆர்வம் ஏற்பட்டது. 1824 இல் இவரும் அண்ணன் வில்லியமும் முதலாளியிடமிருந்து தப்பி ஓடினர். அவர்களைப் பிடித்துத் தருவோருக்கு 10 டாலர் பரிசு வழங்கப்படும் என்று செல்பி செய்தித்தாளில் விளம்பரம் செய்தார்.

1826 இல் டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள கிரீன்வில் நகரில் குடியேறிய ஜான்சன் அங்குத் தையற்கடை திறந்தார். 1827 மே 17 அன்று எலைசா மெக்கார்டிலைத் திருமணம் செய்தார். அப்போது இவருக்கு வயது 18, எலைசாவுக்கு வயது 16. ஓரளவு மட்டுமே படிக்கத் தெரிந்திருந்த ஜான்சனுக்கு எழுதவும் கணக்குப் போடவும் மனைவியே கற்பித்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்.

அரசியல் வாழ்வு

ஜான்சனின் தையற்கடை உள்ளூர்த் தொழிலாளர்கள் கூடி அரசியல் பேசும் இடமாக விளங்கியது. 1829 இல் கிரீன்வில் நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இவர் பின்னர் நகரத் தலைவரானார். 1835 இல் டென்னசி சட்டமன்றத்துக்குத் தேர்வானார். சனநாயகக் கட்சியைச் சேர்ந்த இவர், 1843 முதல் 1853 வரை ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையிலும், 1853 முதல் 1857 வரை டென்னசி ஆளுநராகவும், 1857 முதல் செனட் அவையிலும் பணியாற்றினார்.

பெருந்தோட்ட உரிமையாளர்களான செல்வந்தர்களை ஜான்சன் வெறுத்தார். நிலமற்ற வெள்ளையின உழவர்களுக்கு அரசு நிலத்தில் 160 ஏக்கர் வழங்கும் சட்டத்துக்காக நெடுங்காலம் பாடுபட்டார். அச்சட்டம் 1862 இல் நிறைவேறியது. ஆயினும் இவரது சமத்துவக் கொள்கை வெள்ளையர்களின் எல்லையைத் தாண்டவில்லை. இவர் தாமும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். அடிமை முறையை அரசமைப்புச் சட்டம் காக்கிறது என்றும் வாதிட்டார்.

உள்நாட்டுப் போர்

1860 இல் லிங்கன் தேர்தலில் வென்றதும் தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. பிரிவினை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று ஜான்சன் செனட் அவையில் உரையாற்றினார். 1861 சூன் மாதம் டென்னசியும் பிரிந்தது. பிரிந்த மாநிலங்களைச் சேர்ந்த செனட் உறுப்பினர்களுள் பதவியை விட்டு விலகாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் இவர் ஒருவரே. இதனால் தென் மாநிலங்களில் துரோகி என்று இகழப்பட்டார். இவரது உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டன. வட மாநிலங்களிலோ வீரராகப் போற்றப்பட்டார்.

1862 இல் ஒன்றியப் படைகள் டென்னசியின் பெரும்பகுதியைக் கைப்பற்றியபோது லிங்கன் இவரை அம்மாநிலத்தின் இராணுவ ஆளுநராக நியமித்தார். 1863 ஆகஸ்டில் ஜான்சன் தம் அடிமைகளை விடுவித்தார். மறு ஆண்டு அக்டோபரில் டென்னசியின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்தார்.

1864 ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி, போரை ஆதரித்த சனநாயகக் கட்சியினரையும் சேர்த்துக்கொண்டு தேசிய ஒன்றியக் கட்சி என்ற பெயரில் போட்டியிட்டது. இக்கூட்டணியின் அடையாளமாக, தென்னவரும் சனநாயகக் கட்சியினருமான ஜான்சன் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கப்பட்டார். போர்க்காலத் தேவைக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே பின்னர் நெருக்கடிக்கு வித்திட்டது. காங்கிரசில் பெரும்பான்மை பெற்ற கட்சியுடன் கொள்கை ஒற்றுமை இல்லாத ஒருவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு அடுத்த இடத்தில் அமர்ந்தார்.

1865 மார்ச் 4 அன்று நடந்த பதவியேற்பு விழாவில், நோயிலிருந்து முழுமையாக மீளாத நிலையில் மது அருந்திவிட்டு வந்த ஜான்சன் தடுமாறிப் பேசியது பெரும் அவப்பெயரை ஏற்படுத்தியது.

குடியரசுத் தலைவராதல்

1865 ஏப்ரல் 14 இரவு வாசிங்டனில் நாடகக் கொட்டகை ஒன்றில் லிங்கன் சுடப்பட்டார். ஜான்சனைக் கொல்லும் பொறுப்பை ஏற்றிருந்த சியார்ச் அட்செராட் என்பவன் துணிவிழந்து பின்வாங்கியதால் இவர் உயிர் தப்பினார். மறுநாள் காலை லிங்கன் இறந்ததும், தாம் தங்கியிருந்த விடுதியிலேயே தலைமை நீதிபதி சால்மன் சேசு முன்னிலையில் ஜான்சன் பதவி உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அப்போது அவர் துணைக் குடியரசுத் தலைவராகி 42 நாட்களே ஆகியிருந்தன. அன்றைய அரசமைப்புச் சட்டத்தில் காலியான துணைக் குடியரசுத் தலைவர் பதவியை இடையில் நிரப்ப வழியில்லை. எனவே அவரது ஆட்சி முழுவதும் அப்பதவி காலியாகவே இருந்தது. 

காங்கிரசுடன் மோதல்

போர் முடிந்தபின் தோற்ற மாநிலங்களை ஒன்றியத்தில் மீண்டும் இணைப்பது எவ்வாறு, விடுதலை பெற்ற மக்களுக்கு எத்தகைய உரிமைகளை வழங்குவது என்பன முதன்மைச் சிக்கல்களாயின. இக்காலம் மறுசீரமைப்புக் காலம் எனப்படுகிறது.

காங்கிரசு கூடாதிருந்த மாதங்களில் ஜான்சன் தாமாகவே முடிவுகளை எடுத்தார். 1865 மே 29 அன்று, ஒன்றியத்துக்குப் பற்றுறுதி கூறும் தென்னவர் பெரும்பாலோருக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். கிளர்ச்சித் தலைவர்களும் 20,000 டாலருக்கு மேல் சொத்துடைய கிளர்ச்சியாளர்களும் இதிலிருந்து விலக்கப்பட்டிருந்தாலும், தனித்தனியே விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானோருக்கு அவர் மன்னிப்பு அளித்தார். போரின் இறுதிக் கட்டத்தில் கடலோரப் பகுதிகளில் கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்த நிலங்களும் மன்னிப்புப் பெற்ற பழைய உரிமையாளர்களிடம் திரும்பச் சென்றன.

புதிதாக அமைந்த தென் மாநில அரசுகள் கறுப்பினச் சட்டங்கள் எனப்படும் சட்டங்களை இயற்றின. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரை அலைந்து திரிபவர் எனக் கைது செய்யவும், அபராதம் கட்ட இயலாதவரைக் கட்டாய வேலைக்கு அனுப்பவும் அவை இடமளித்தன. அடிமை முறையை ஒழித்த 13 ஆவது சட்டத்திருத்தம் 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோதிலும், அடிமை நிலை வேறு பெயரில் தொடர்வதாக வட மாநிலத்தவர் கருதினர்.

1866 தொடக்கத்தில், விடுதலை பெற்ற மக்களுக்கு உதவிய அரசு நிறுவனத்தின் காலத்தை நீட்டிக்கும் மசோதாவையும், கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்கும் குடியுரிமை மசோதாவையும் ஜான்சன் தமது மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார். மிதவாதிகளே முன்மொழிந்த இம்மசோதாக்களை மறுத்ததால் தமக்கு ஆதரவாக இருக்கக்கூடியவர்களையும் அவர் இழந்தார். ஏப்ரல் மாதத்தில் குடியுரிமை மசோதா செனட்டில் 33க்கு 15, பிரதிநிதிகள் அவையில் 122க்கு 41 என்ற வாக்குகளில் மீண்டும் நிறைவேறிச் சட்டமானது. முக்கியமான சட்டம் ஒன்று குடியரசுத் தலைவரின் மறுப்பை மீறி நிறைவேறியது அதுவே முதன்முறை ஆகும். அவரது ஆட்சிக்காலத்தில் மொத்தம் 15 மறுப்புகள் இவ்வாறு முறியடிக்கப்பட்டன. வேறெந்தக் குடியரசுத் தலைவருக்கும் இத்தனை முறை இது நேர்ந்ததில்லை.

அதே ஆண்டு மெம்பிசு, நியூ ஓர்லியன்சு ஆகிய நகரங்களில் நடந்த வன்முறைகளில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். தேர்தலை முன்னிட்டு ஜான்சன் வட மாநிலங்களில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில், கூட்டத்தினருடன் வாதிட்டும் காங்கிரசு உறுப்பினர்களைத் துரோகிகள் எனச் சாடியும் பேசியது அவருக்கே கேடாக முடிந்தது. தேர்தலில் குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. 

பதவிக்காலச் சட்டம்

1867 மார்ச் 2 அன்று காங்கிரசு, ஜான்சனின் மறுப்பை மீறி இரண்டு முக்கிய சட்டங்களை நிறைவேற்றியது. முதலாவது, டென்னசி தவிர்ந்த பத்துத் தென் மாநிலங்களை ஐந்து இராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை அளிக்கும் புதிய மாநில அரசமைப்புகளை வேண்டிய மறுசீரமைப்புச் சட்டம். இரண்டாவது, செனட்டின் ஒப்புதலுடன் நியமிக்கப்பட்ட அதிகாரிகளைச் செனட்டின் ஒப்புதலின்றி நீக்குவதைத் தடை செய்த பதவிக்காலச் சட்டம்.

இவ்விரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தென் மாநிலங்களில் புதிய சட்டத்தைச் செயற்படுத்த வேண்டியது இராணுவம். இராணுவத்தின் நிருவாகம் போர்த்துறைச் செயலாளர் எட்வின் இசுட்டான்டனின் கையில் இருந்தது. லிங்கனால் நியமிக்கப்பட்ட அவர் காங்கிரசின் பக்கம் சாய்ந்திருந்தார். அவரை நீக்கிவிட்டால் மறுசீரமைப்புச் சட்டத்தை ஜான்சன் செயலிழக்கச் செய்துவிடுவார் என்று காங்கிரசு அஞ்சியது.

பதவிக்காலச் சட்டத்தில் ஒரு தெளிவின்மை இருந்தது. அமைச்சரவைச் செயலாளர்கள், தம்மை நியமித்த குடியரசுத் தலைவரின் காலம் முழுவதும் அதற்குப் பின் ஒரு மாதமும் பதவியில் இருக்கலாம் என்று அது கூறியது. இசுட்டான்டனை நியமித்தவர் லிங்கன். அவர் இறந்துவிட்ட நிலையில் இச்சட்டம் இசுட்டான்டனைக் காக்குமா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தது. விசாரணையில் இவ்வையமே பெரும் பங்கு வகித்தது.

பதவிநீக்கக் குற்றச்சாட்டு

தேசத்துரோகம், கையூட்டு அல்லது வேறு பெருங்குற்றங்கள், தவறுகள் ஆகியவற்றுக்காகக் குடியரசுத் தலைவரை நீக்கலாம் என்பது அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் விதி. பிரதிநிதிகள் அவை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றஞ்சாட்டும். செனட் அவை நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கும். வாக்களிக்க வந்துள்ள உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று வாக்களித்தால் மட்டுமே அவர் பதவி இழப்பார். குடியரசுத் தலைவர் விசாரிக்கப்படும்போது தலைமை நீதிபதி அவைக்குத் தலைமை தாங்குவார்.

பெருங்குற்றம் என்பது தண்டனைச் சட்டத்தின்படியான குற்றத்தை மட்டும் குறிக்குமா, அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் குறிக்குமா என்பதை அரசமைப்புச் சட்டம் விளக்கவில்லை. 1867 டிசம்பர் 7 அன்று பிரதிநிதிகள் அவையில் ஜான்சனைக் குற்றஞ்சாட்டும் தீர்மானம் 57க்கு 108 என்ற வாக்குகளில் தோற்றது. அவரது கொள்கைகளை எதிர்த்த பலரும் கூட, திட்டவட்டமான சட்டமீறல் இல்லாமல் ஒரு குடியரசுத் தலைவரை நீக்க முடியாது என்று எண்ணினர்.

சில வாரங்களில் அத்தகைய சட்டமீறல் கிடைத்தது. 1867 ஆகஸ்டில் ஜான்சன் இசுட்டான்டனைத் தற்காலிகமாக நீக்கி, படைத்தலைவர் உலிசீசு கிராண்டை அப்பொறுப்பில் அமர்த்தியிருந்தார். செனட் கூடாத காலத்தில் இவ்வாறு செய்யப் பதவிக்காலச் சட்டமே அனுமதித்தது. 1868 சனவரி 13 அன்று செனட் இந்நீக்கத்தை ஏற்க மறுத்தது. கிராண்ட் பொறுப்பை விட்டு விலக, இசுட்டான்டன் மீண்டும் அலுவலகத்துக்கு வந்தார். பிப்ரவரி 21 அன்று ஜான்சன் அவரை முற்றாகவே நீக்கி, லொரென்சோ தாமசு என்ற படை அதிகாரியைத் தற்காலிகச் செயலாளராக நியமித்தார். இசுட்டான்டன் விலக மறுத்து, அலுவலகத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே தங்கினார்.

மூன்று நாட்களுக்குள், பிப்ரவரி 24 அன்று, பிரதிநிதிகள் அவை 126க்கு 47 என்ற வாக்குகளில் ஜான்சன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை ஏற்றது. பின்னர் 11 குற்றப்பிரிவுகள் வகுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை இசுட்டான்டனின் நீக்கத்தையும் தாமசின் நியமனத்தையும் பற்றியவை. பத்தாவது பிரிவு, காங்கிரசை இழிவுபடுத்தி அவர் ஆற்றிய உரைகளைக் குறித்தது. பதினோராவது பிரிவு முந்தைய பல குற்றச்சாட்டுகளைத் தொகுத்துக் கூறியது. கறுப்பின மக்களின் உரிமைகளுக்கு அவர் இழைத்த தீங்கு எந்தப் பிரிவிலும் தனிக் குற்றமாகக் கூறப்படவில்லை. மோதலின் உண்மைக் காரணமாக இருந்தது வழக்கின் கருப்பொருளாக அமையாமற் போனது இவ்விசாரணையின் முக்கியக் குறையாகப் பின்னாளில் சுட்டப்பட்டது.

செனட் விசாரணை

1868 மார்ச் 5 அன்று தலைமை நீதிபதி சேசு தலைமையில் செனட் நீதிமன்றமாகக் கூடியது. பார்வையாளர் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நுழைவுச் சீட்டுகள் அச்சிடப்பட்டன. பிரதிநிதிகள் அவையின் சார்பில் பெஞ்சமின் பட்லர், ஜான் பிங்காம், தாடியசு இசுட்டீவன்சு உள்ளிட்ட எழுவர் வழக்கை நடத்தினர். இனச் சமத்துவத்துக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய இசுட்டீவன்சு, நடக்க இயலாத அளவுக்கு நோயுற்றிருந்ததால் நாற்காலியில் வைத்து அவைக்குத் தூக்கி வரப்பட்டார்.

ஜான்சனின் சார்பில் முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கர்டிசு, வில்லியம் எவார்ட்சு, இதற்கெனவே தலைமை வழக்குரைஞர் பதவியைத் துறந்த என்றி இசுட்டான்பரி முதலியோர் வாதிட்டனர். வழக்கறிஞர்களின் அறிவுரைப்படி ஜான்சன் அவைக்கு நேரில் வரவில்லை. பொது உரைகளையும் தவிர்த்தார்.

வழக்கறிஞர்கள் முன்வைத்த வாதங்கள் மூன்று. இசுட்டான்டனை நியமித்தவர் லிங்கன் என்பதால் பதவிக்காலச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், நிருவாகத் துறையின் அதிகாரத்தில் தலையிடும் அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது. நீதிமன்றத்தின் முடிவைப் பெறும் நோக்கில் ஐயத்துக்குரிய சட்டமொன்றைச் சோதித்துப் பார்ப்பது பெருங்குற்றம் ஆகாது. இதற்கு மறுமொழியாக, நிறைவேறிய சட்டத்தைச் செயற்படுத்துவதே குடியரசுத் தலைவரின் கடமை என்றும், எச்சட்டத்துக்குக் கீழ்ப்படிவது என்பதை அவரே முடிவு செய்தால் காங்கிரசுக்குப் பொருளில்லை என்றும் எதிர்த்தரப்பினர் வாதிட்டனர்.

அவைக்கு வெளியே வேறு சில கணக்குகளும் இருந்தன. அக்காலச் சட்டப்படி, ஜான்சன் நீக்கப்பட்டால் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேடு குடியரசுத் தலைவராகியிருப்பார். பெண்களின் வாக்குரிமையையும் உயர்ந்த இறக்குமதி வரியையும் ஆதரித்த தீவிரவாதப் பிரிவினரான அவரை மிதவாதிகள் விரும்பவில்லை. அந்த வேடே நீதிபதிகளுள் ஒருவராக அமர்ந்து வாக்களித்ததும் குறை கூறப்பட்டது. புதிய தேர்தலுக்கு ஒரு சில மாதங்களே இருந்ததால் அதுவரை பொறுத்திருக்கலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. ஜான்சனும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினார். மிதவாதிகள் ஏற்கத்தக்கவரான ஜான் இசுக்கோபீல்டைப் போர்த்துறைச் செயலாளராக முன்மொழிந்தார். மறுசீரமைப்பைத் தடுக்கமாட்டார் என்ற உறுதி அவர்களுக்கு மறைமுகமாகத் தெரிவிக்கப்பட்டது.

வாக்கெடுப்பு

அப்போது செனட்டில் 27 மாநிலங்களைச் சேர்ந்த 54 உறுப்பினர்கள் இருந்தனர். பதவி நீக்கத்துக்கு 36 வாக்குகள் தேவைப்பட்டன. சனநாயகக் கட்சியினரும் ஜான்சனை எப்போதும் ஆதரித்து வந்தவர்களுமாகப் பன்னிருவர் அவருக்கு வாக்களிப்பது உறுதி. அவர் தப்ப மேலும் ஏழு பேர் வேண்டியிருந்தது.

மே 16 அன்று பதினோராவது பிரிவு முதலில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சில நாட்களுக்கு முன் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட அயோவா உறுப்பினர் ஜேம்சு கிரைம்சும் அவைக்குத் தூக்கி வரப்பட்டு வாக்களித்தார். கன்சாசு உறுப்பினர் எட்மண்ட் ராசு எவ்வாறு வாக்களிப்பார் என்பது உறுதியாகத் தெரியாமலிருந்தது. அவர் குற்றவாளி அல்லர் என்று வாக்களித்தார். இறுதியில் குற்றவாளி என்று 35 பேரும், குற்றவாளி அல்லர் என்று 19 பேரும் வாக்களித்திருந்தனர்.

தம் கட்சியின் நிலைப்பாட்டை மீறி ஜான்சனை விடுவித்த ஏழு குடியரசுக் கட்சியினர் வருமாறு:

வில்லியம் பெசண்டன் (மேய்ன்)
ஜோசப் பவுலர் (டென்னசி)
ஜேம்சு கிரைம்சு (அயோவா)
ஜான் எண்டர்சன் (மிசூரி)
எட்மண்ட் ராசு (கன்சாசு)
லைமன் டிரம்புல் (இலினொய்)
பீட்டர் வான் விங்கிள் (மேற்கு வர்சீனியா)

மே 26 அன்று இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் மீது நடந்த வாக்கெடுப்பிலும் அதே 35க்கு 19 என்ற முடிவே கிடைத்தது. எஞ்சிய எட்டுப் பிரிவுகள் வாக்கெடுப்புக்கு விடப்படாமலேயே விசாரணை முடிவுற்றது. அன்றே இசுட்டான்டன் பதவி விலகினார்.

வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டைப் பட்லர் விசாரித்தார். ஆயினும் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. மேற்கண்ட எழுவரில் எவரும் மீண்டும் செனட்டுக்குத் தேர்வாகவில்லை. ராசு ஒருவரின் துணிவே ஜான்சனைக் காத்தது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. தேவைப்பட்டிருந்தால் விடுவிக்கும் பக்கம் வாக்களிக்க மேலும் சிலர் ஆயத்தமாக இருந்தனர் என்றும், வாக்களித்தபின் ராசு தமது ஆதரவாளர்களுக்குப் பதவிகள் கேட்டார் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

எஞ்சிய ஆட்சிக்காலம்

ஜான்சன் தம் பதவிக்காலத்தின் மீதமிருந்த ஒன்பது மாதங்களை முழுமையாக நிறைவு செய்தார். கறுப்பினத்தவரின் குடியுரிமையை அரசமைப்பில் சேர்த்த 14 ஆவது சட்டத்திருத்தம் அவர் எதிர்த்தபோதும் 1868 சூலையில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் சனநாயகக் கட்சி அவரை வேட்பாளராக்காமல் ஒரேசியோ சீமோரைத் தேர்ந்தெடுத்தது. தேர்தலில் கிராண்ட் வெற்றி பெற்றார். 1868 டிசம்பர் 25 அன்று ஜான்சன், கிளர்ச்சியில் ஈடுபட்ட அனைவருக்கும் நிபந்தனையற்ற மன்னிப்பை அறிவித்தார். கிராண்டின் பதவியேற்பு விழாவில் அவர் கலந்துகொள்ளவில்லை.

அயலுறவுத் துறையில் இவரது ஆட்சியின் முக்கிய நிகழ்வு, 1867 இல் உருசியாவிடமிருந்து அலாசுக்காவை 72 இலட்சம் டாலருக்கு வாங்கியதாகும். அயலுறவுச் செயலாளர் வில்லியம் சூவர்டு இதற்கான ஒப்பந்தத்தைச் செய்தார்.

இறுதிக் காலம்

கிரீன்வில்லுக்குத் திரும்பிய ஜான்சன் அரசியலைக் கைவிடவில்லை. 1869 இல் செனட் பதவிக்கும், 1872 இல் பிரதிநிதிகள் அவைக்கும் போட்டியிட்டுத் தோற்றார். 1875 சனவரியில் டென்னசி சட்டமன்றம் அவரைச் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. தம்மை விசாரித்த அதே அவையில் அவர் மார்ச் மாதம் உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். குடியரசுத் தலைவராக இருந்தபின் செனட் உறுப்பினரானவர் இவர் ஒருவரே.

சில மாதங்களில், 1875 சூலை 31 அன்று, டென்னசியில் தம் மகள் மேரியின் இல்லத்தில் பக்கவாதத்தால் இறந்தார். அவரது விருப்பப்படி உடல் அமெரிக்கக் கொடியால் போர்த்தப்பட்டு, அரசமைப்புச் சட்டத்தின் படி ஒன்றுடன் கிரீன்வில்லில் அடக்கம் செய்யப்பட்டது. மனைவி எலைசா 1876 சனவரியில் இறந்தார். ஜான்சனின் தையற்கடை இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

விசாரணையின் விளைவுகள்

ஜான்சன் மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதவிக்காலச் சட்டம் 1887 இல் நீக்கப்பட்டது. 1926 ஆம் ஆண்டு மயர்சு வழக்கில், தாம் நியமித்த நிருவாக அதிகாரிகளை நீக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், பதவிக்காலச் சட்டம் செல்லாததாகவே இருந்தது என்றும் கருத்துரைத்தது. துணைக் குடியரசுத் தலைவர் பதவி காலியாகும்போது அதை நிரப்பும் வழிமுறை 1967 இல் 25 ஆவது சட்டத்திருத்தத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்டது.

கொள்கை வேறுபாட்டுக்காக மட்டும் ஒரு குடியரசுத் தலைவரை நீக்க இயலாது என்ற மரபு 1868 ஆம் ஆண்டு முடிவினால் வலுப்பெற்றது. மூன்றில் இரண்டு பங்கு என்ற எல்லை எவ்வளவு உயரமானது என்பதையும் அது காட்டியது. குற்றஞ்சாட்டும் கட்சியின் கையில் அவ்வளவு இடங்கள் இருந்தபோதே அந்த எல்லையை எட்ட இயலவில்லை. ரிச்சர்டு நிக்சன் 1974 ஆகஸ்டில், பிரதிநிதிகள் அவை வாக்களிக்கும் முன்னரே பதவி விலகினார். தம் கட்சியினரின் ஆதரவையே இழந்து, செனட்டில் தப்ப முடியாத நிலை ஏற்பட்டதே அதற்குக் காரணம். பில் கிளின்டன் 1998 இலும், டோனால்ட் டிரம்ப் 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் இருமுறையும் குற்றஞ்சாட்டப்பட்டுச் செனட்டில் விடுவிக்கப்பட்டனர். இவ்விசாரணைகள் எதிலும் எந்தக் குடியரசுத் தலைவரும் பதவி நீக்கம் செய்யப்படவில்லை.

வரலாற்று மதிப்பீடு

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் டன்னிங்கின் வழிவந்த வரலாற்றாளர்கள் மறுசீரமைப்பைத் தென் மாநிலங்கள் மீதான கொடுமையாகச் சித்தரித்தனர். அவர்களுள் பலரும் அவர்களைப் பின்பற்றியோரும் ஜான்சனை அரசமைப்பின் காவலராகப் போற்றினர். கறுப்பின அறிஞரான டூ போய்சு 1935 இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். 1960களின் குடியுரிமை இயக்கத்துக்குப் பின் எரிக் போனர் முதலான ஆய்வாளர்களின் பணியால் மதிப்பீடு முற்றிலும் மாறியது. இன்று வரலாற்றாளர்களின் தரவரிசைகளில் மிகக் கீழான இடங்களிலேயே இவர் வைக்கப்படுகிறார்.

ஆயினும் விசாரணையின் முடிவு சரியானதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ஐயத்துக்குரிய சட்டமொன்றை மீறியதற்காக அவர் நீக்கப்பட்டிருந்தால், காங்கிரசின் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டதாகக் குடியரசுத் தலைவர் பதவி மாறியிருக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. காங்கிரசு இயற்றிய சட்டங்களைத் தொடர்ந்து முடக்க முயன்றவரைப் பதவியில் விட்டுவைத்ததன் விலையை, விடுதலை பெற்ற மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே கொடுக்க நேர்ந்தது என்பது மற்றொரு சாராரின் கருத்து. 14 ஆவது சட்டத்திருத்தம் உறுதியளித்த சமவுரிமை தென் மாநிலங்களில் பெருமளவுக்கு நடைமுறைக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.